நீளமான டச்சுச் சொற்கள்: எங்கே வெட்டுவது, எப்படிப் பன்மையாக்குவது, வரி முடிவில் எங்கே உடைப்பது

நெதர்லாந்துக்கு வந்து முகவரி பதிந்த சில வாரங்களிலேயே தபால்பெட்டி நிறைய ஆரம்பித்துவிடும். நகராட்சிக் கடிதம், வரித்துறைக் கடிதம், காப்பீட்டுக் கடிதம் என்று ஒவ்வொன்றிலும் இருபது முப்பது எழுத்து நீளத்தில் சொற்கள். அகராதியில் தேடினால் பாதி கிடைக்காது. கிடைத்தாலும் கடிதத்தில் பன்மையில் இருக்கும், அகராதியில் ஒருமையில் இருக்கும். இதில்தான் நான் ரொம்ப நாள் திணறினேன். நான் படித்த வகுப்பில் பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்களே தவிர, இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஒழுங்கு ஒரே வரியில் அடங்கிவிடும்: சொல் எங்கே சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பொருள், ஆர்டிக்கிள் (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘டெ’ அல்லது ‘ஹெட்’), பன்மை, அசை நாலும் அதிலிருந்தே வந்துவிடும். அதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. டச்சுச் சொற்களைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதுகிறேன். ஜி என்ற எழுத்து டச்சில் தொண்டையை உரசிக்கொண்டு வரும், அதை ‘ஹ’ என்று எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டு முக்கியமான இடங்களில் மட்டும் எழுத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்வேன். உங்களுக்கு வந்த கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதாகப் புரியும்.

தொடங்கும் முன்: என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. டச்சு மொழிக்கான அரசுகளின் கூட்டமைப்பான டால்யுனி வெளியிடும் அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் ‘வோர்டன்லெய்ஸ்ட் டாட் ஓஆர்ஜி’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் ஆர்டிக்கிள், பன்மை, அசைப் பிரிப்பு மூன்றையும் காட்டும். இதன் அச்சு வடிவத்தைத்தான் எல்லோரும் ‘பச்சைப் புத்தகம்’ என்கிறார்கள், கடைசியாக 2015-இல் வந்தது. ஆரம்பத்தில் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் இந்தப் பட்டியலின்படிதான் எழுத வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் உங்களுக்கு வரும் அரசுக் கடிதங்கள் நல்ல பாடப்புத்தகமாகவும் ஆகிவிடும்.

அப்புறம் ஒரு பென்சில், கடிதங்களைச் சேர்த்து வைக்க ஒரு கோப்பு. தினம் ஒரு கடிதத்தை எடுத்து பத்து நிமிடம் ஒதுக்கினாலே போதும்.

பழைய பொருள் விற்கும் கிரிங்லோப்விங்கெல் கடைகளில் சில யூரோவுக்கு டச்சுப் பாடநூல்கள் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எழுத்துக்கூட்டு விதிகள் 1995-இல் ஒருமுறையும் 2005-இல் ஒருமுறையும் மாறின. அதற்கு முந்தைய புத்தகத்தில் கூட்டுச்சொற்களின் நடு எழுத்து இன்றைய முறைப்படி இருக்காது. அதைப் பார்த்துப் பழகினால் பிறகு மாற்றிக்கொள்வது கஷ்டம்.

1. சொல் சேரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

டச்சில் பெயர்ச்சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டியே எழுதுவார்கள். ‘ஸோர்ஹ்’ என்றால் பராமரிப்பு, ‘ஃபெர்ஸேகரிங்’ என்றால் காப்பீடு. இரண்டும் சேர்ந்தால் ‘ஸோர்ஹ்ஃபெர்ஸேகரிங்’, மருத்துவக் காப்பீடு. பென்சிலை எடுத்து இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள். இதுதான் முதல் வேலை.

எங்கே கோடு போடுவது என்று தெரியாவிட்டால் சொல்லின் வலக்கோடியிலிருந்து தொடங்குங்கள். இடமிருந்து படிக்கப் போனால் நடுவில் சிக்கிக்கொள்வோம். கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கடைசித் துண்டுகள் ஒரு முப்பதுதான் இருக்கும்: நம்மர் (எண்), கார்ட் (அட்டை), ப்ரீஃப் (கடிதம்), அக்டெ (சான்றிதழ்), ஃபெர்குன்னிங் (அனுமதி), டூஸ்லஹ் (உதவித்தொகை), ஃபார்ம்யுலீர் (படிவம்), பெவெய்ஸ் (சான்று) மாதிரி. இவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ‘ஆன்ஃப்ராஹ்ஃபார்ம்யுலீர்’ கண்ணில் பட்டதும் இது ஏதோ படிவம் என்று புரிந்துவிடும். என்ன படிவம் என்பதை முன்துண்டு சொல்லும்: ‘ஆன்ஃப்ராஹ்’ என்றால் விண்ணப்பம்.

காதும் உதவும். இப்படிச் சேர்ந்த சொற்களில் பெரும்பாலும் முன்துண்டில்தான் அழுத்தம் விழும். டிராமில் அறிவிப்பு கேட்கும்போது கவனியுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில சொற்களை இரண்டு இடத்தில் வெட்டலாம், சிலவற்றில் இரண்டுக்குமே பொருள் வரும். ‘பொம்மெல்டிங்’ என்ற சொல்லை ‘பொம் + மெல்டிங்’ என்று வெட்டினால் வெடிகுண்டு இருப்பதாக வந்த தகவல். ‘பொம்மெல் + டிங்’ என்று படித்தால் உருப்படியான பொருளே வராது, ஆனால் புதியவர்கள் கண் முதலில் அப்படித்தான் வெட்டும். ‘க்வார்ட்ஸ்லாஹென்’ என்பது ‘க்வார்ட் + ஸ்லாஹென்’ என்றால் கால்வட்டத் திருப்பங்கள், ‘க்வார்ட்ஸ் + லாஹென்’ என்றால் படிகக்கல் அடுக்குகள். டச்சுக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்லும் இன்னொன்று, மசாஜ் படுக்கையைக் குறிக்கும் சொல்: எழுத்து மாறாமல் அதையே ‘மஸ்ஸ + ஹெபெட்’ என்று வெட்டினால் பெருந்திரள் பிரார்த்தனை ஆகிவிடும். அதனால் ஒரு வெட்டு பொருந்தவில்லை என்றால் ஓர் எழுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்திப் பாருங்கள். அகராதிக்கு ஓடுவதற்கு முன் இதைச் செய்தால் பாதி நேரம் மிச்சம்.

2. கடைசித் துண்டைக் கேட்டு ஆர்டிக்கிளைப் போடுங்கள்

‘டெ’ போடுவதா ‘ஹெட்’ போடுவதா என்பதைக் கடைசித் துண்டுதான் முடிவு செய்யும். முன்துண்டுக்கு இதில் வேலையே இல்லை. ‘டெ ஸ்டட்’ (நகரம்), ‘ஹெட் ஹௌஸ்’ (வீடு). இரண்டும் சேர்ந்த நகர மண்டபம் ‘ஹெட் ஸ்டட்ஹௌஸ்’. நம்மர் ‘ஹெட்’ என்பதால் உங்கள் குடிமக்கள் எண்ணும், அதாவது பிஎஸ்என் என்று சுருக்கமாகச் சொல்லும் பர்ஹர்செர்விஸ்நம்மரும், ‘ஹெட்’தான். பன்மையானதும் எல்லாம் ‘டெ’ ஆகிவிடும், இது ஒரு நிம்மதி.

ஆக, புதுச் சொல் படிக்கும்போது நீளமான சொல்லுக்கு ஆர்டிக்கிளைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். கடைசித் துண்டின் ஆர்டிக்கிளைப் படித்தால் அதில் முடியும் அத்தனை சொல்லுக்கும் சேர்த்துப் படித்த கணக்கு.

3. பன்மையைக் கடைசித் துண்டில் மட்டும் போடுங்கள்

தமிழ் பேசுபவர்களுக்கு இது இயல்பாகவே வரும். பள்ளிக்கூடங்கள் என்கிறோம், பள்ளிகள்கூடம் என்பதில்லையே. டச்சும் அப்படித்தான். ஸ்டட் என்பதன் பன்மை ஸ்டேடென் என்று உருமாறும், ஆனால் நகர மண்டபங்கள் ஸ்டட்ஹௌஸென்தான், முன்துண்டு அசையாது. அதே ஸ்டட் கடைசியில் வந்தால் மாறும்: தலைநகரம் ‘ஹோஃப்ட்ஸ்டட்’, தலைநகரங்கள் ‘ஹோஃப்ட்ஸ்டேடென்’.

கடைசித் துண்டுக்கு என்ன விகுதி என்பதில் இரண்டு பெரிய கூட்டம் உண்டு.

ஒன்று, ‘ஈ-என்’ விகுதி. பெரும்பாலான சொற்கள் இதில் சேரும். ஃபெர்ஸேகரிங் போல ‘இங்’ என்று முடிபவையும் பெரும்பாலும் இதுதான்: ஸோர்ஹ்ஃபெர்ஸேகரிங்கென், பங்க்ரேக்கனிங்கென் (வங்கிக் கணக்குகள்), ஃபெர்ப்ளெய்ஃப்ஸ்ஃபெர்குன்னிங்கென் (வசிப்பு அனுமதிகள்).

இன்னொன்று, ‘எஸ்’ விகுதி. அழுத்தமில்லாமல் ‘அர், எல், எம், என்’ என்று மெலிந்து முடியும் சொற்களும், ‘யெ’ என்று முடியும் குறுமைச் சொற்களும் இதில் வரும். ஸ்லாப்காமர் (படுக்கையறை) ஸ்லாப்காமர்ஸ் ஆகும், ட்ரெய்ன்கார்ட்யெ (ரயில் டிக்கெட்) ட்ரெய்ன்கார்ட்யெஸ் ஆகும். குடியேறியவர்கள் எழுதும் தேர்வான இன்பர்ஹரிங்ஸ்எக்ஸாமென் ஏற்கெனவே ‘என்’ ஒலியில் முடிவதால் அதைப் பன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒருமை. பன்மை எக்ஸாமென்ஸ்.

மெலிந்த ‘எ’ ஒலியில் முடியும் சிலவற்றுக்கு இரண்டுமே சரி. பிறப்புச் சான்றிதழ், ஹெபோர்ட்டெஅக்டெ, பன்மையில் அக்டென் என்றும் வரும், அக்டெஸ் என்றும் வரும். ஒரு அலுவலகம் ஒன்றை எழுதும், இன்னொரு அலுவலகம் மற்றதை எழுதும். இரண்டும் ஒரே தாளைத்தான் கேட்கின்றன, வேறு வேறு ஆவணமோ என்று பயந்து இரண்டாவதாக ஒன்றுக்கு அலைய வேண்டாம்.

ஏ, ஐ, ஓ, யூ, ஒய் என்ற ஒற்றை உயிரெழுத்தில் முடிந்தால் மேலே ஒரு கமா போட்டு எஸ் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை பஸ்ஃபோட்டோ என்பார்கள், பன்மை எழுதும்போது அந்தக் கமா கட்டாயம். ஆனால் வேலைவாய்ப்பு ஏஜென்சியைக் குறிக்கும் ஔட்ஸென்ட்ப்யூரோ காதுக்கு ‘ஓ’ என்று முடிந்தாலும் எழுத்தில் ஈ-ஏ-யூ என்று மூன்று உயிரெழுத்தில் முடிகிறது. அதற்குக் கமா கிடையாது, நேராக எஸ் ஒட்டும். கஃபே என்பதற்கும் அப்படியே, கடைசி எழுத்தின் மேல் சாய்கோடு இருப்பதால் கமா தேவையில்லை. காதை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்.

அப்புறம் உருமாறும் சொற்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் படிவங்களில் நிறைய வரும். ‘லிட்’ (உறுப்பினர்) ‘லேடென்’ ஆகும். அதனால் ஹெஸின்ஸ்லிட் (குடும்ப உறுப்பினர்) என்று ஒருமையில் தெரிந்து வைத்திருப்பவர் விசா படிவத்தில் ஹெஸின்ஸ்லேடென் என்று பார்த்தால் இது வேறு சொல் என்று விட்டுவிடுவார். மனைவி, குழந்தைகள் பெயரை எழுத வேண்டிய இடம் அதுதான். ‘கின்ட்’ (குழந்தை) ‘கின்டரென்’ ஆகும், பேரக்குழந்தைகள் க்ளெய்ன்கின்டரென். ‘டஹ்’ (நாள்) என்பதில் குறிலாக இருப்பது ‘டாஹென்’ என்று நெடிலாகும், ஆகவே வேலைநாட்கள் வெர்க்டாஹென். ‘ஸ்லஹ்’ என்பதும் ‘ஸ்லாஹென்’ ஆகும், வாடகை உதவித்தொகை ஹ்யூர்டூஸ்லஹ் பன்மையில் ஹ்யூர்டூஸ்லாஹென்.

கடைசித் துண்டில்தான் பன்மை என்றேன். இதற்கு விலக்கு உண்டு, ஆனால் அன்றாட வாழ்க்கையில் வராது. ‘ஹெனெரால்’ என்று பின்னால் வரும் பதவிப்பெயர்கள் அவை. ஸெக்ரெடாரிஸ்-ஹெனெரால் பன்மையில் ஸெக்ரெடாரிஸ்ஸென்-ஹெனெரால். அங்கே பின்துண்டு பெயரடை, தலைச்சொல் முன்னால் இருக்கிறது. செய்தித்தாள் படிக்கும்போது நினைவிருந்தால் போதும்.

4. அசை பிரித்து எழுத்துக்கூட்டைச் சரிபாருங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. பன்மை போடும்போது எழுத்து ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பது புரியாமல்தான் பலரும் டச்சு எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். ஆனால் காரணம் எளிது. அசை உயிரெழுத்தில் முடிந்தால் திறந்த அசை, மெய்யெழுத்தில் முடிந்தால் மூடிய அசை. திறந்த அசையில் நெடிலை ஒற்றை எழுத்தால் எழுதுவார்கள், மூடிய அசையில் அதே நெடிலுக்கு இரண்டு எழுத்து வேண்டும்.

மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்கு அஃப்ஸ்ப்ராக் என்று பெயர். ‘ஸ்ப்ராக்’ என்பது கே-யில் மூடுகிறது, அதனால் ஏ இரண்டு. பன்மையில் ‘அஃப்-ஸ்ப்ரா-க்கென்’ என்று அசை பிரிகிறது, நடு அசை திறந்துவிட்டது, அதனால் ஏ ஒன்றுதான். சம்பளச் சீட்டு லோன்ஸ்ட்ரோக், பன்மையில் ‘லோன்-ஸ்ட்ரோ-க்கென்’. இங்கே கவனியுங்கள், ‘லோன்’ என்ற முன்துண்டில் இரண்டு ஓ அப்படியே இருக்கிறது, ‘ஸ்ட்ரோ’ என்ற பின்துண்டில் மட்டும் ஒரு ஓ உதிர்கிறது. ஒரே சொல்லில் ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டு! முதல் படியில் பென்சிலால் போட்ட கோடு இங்கேதான் கைகொடுக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதைத் தொடவே கூடாது. தெருப்பெயர், ஸ்ட்ராட்நாம், இதற்கு நல்ல பயிற்சி. இரண்டு துண்டிலும் இரட்டை ஏ. பன்மையில் ஸ்ட்ராட் மாறாது, நாம் மட்டும் ‘நா-மென்’ ஆகி ஓர் ஏ-யை இழக்கும்.

குறில் வந்தால் நேர் எதிர். குறில் அசை மூடியே இருக்க வேண்டும், அதற்காக மெய்யெழுத்து இரட்டிக்கும். வங்கி அட்டை பின்பஸ், பன்மையில் ‘பின்-பஸ்-ஸென்’, எஸ் இரண்டு. (டஹ், ஸ்லஹ், லிட் போன்றவை இரட்டிக்காததற்குக் காரணம் அவற்றில் குறிலே நெடிலாகிவிடுவது. அவற்றைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழியில்லை.)

கடைசியில் இரண்டு மெய்யெழுத்து இருந்தால் ஒன்றும் மாறாது. அடையாள அட்டை முடிவது ‘கார்ட்’ என்று. பன்மையில் ‘கார்-ட்டென்’ என்று பிரியும், ‘கார்’ ஆர் எழுத்தில் மூடியே இருப்பதால் ஏ இரண்டும் தங்கும்.

எஃப் வி ஆவதும், எஸ் இசட் ஆவதும் அடுத்தது. குழந்தைக் காப்பகம் கின்டர்டஹ்ஃபெர்ப்ளெய்ஃப், பன்மையில் ஃபெர்ப்ளெய்வென். மருத்துவமனை ஸீக்கென்ஹௌஸ், பன்மையில் எஸ் போய் இசட் வரும். ஓட்டுநர் உரிமம் ரெய்பெவெய்ஸ், அதற்கும் அப்படியே. ஆனால் ஹௌஸ்ஆர்ட்ஸ் (குடும்ப மருத்துவர்) எஸ்-ஐ மாற்றாது, பின்பஸ்ஸும் மாற்றாது. நெடிலுக்கோ இரட்டை உயிருக்கோ பின் தனியாக வரும் எஸ்தான் பெரும்பாலும் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் சொற்பட்டியலில் ஒரு நிமிடம் பாருங்கள்.

இன்னொன்று, ஐ-யும் ஜே-யும் சேர்ந்து ‘எய்’ என்று ஒலிக்கும் ஜோடியை ஒரே எழுத்தாக எண்ணுங்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்கக் கூடாது. ‘ரெய்-பெ-வெய்-ஸென்’, நாலு அசை.

5. நடுவில் ஒட்டிக்கொள்ளும் எழுத்துகள்

சில சொற்களில் இரண்டு துண்டுக்கும் நடுவே ‘ஈ-என்’ அல்லது ‘ஈ’ அல்லது ‘எஸ்’ இருக்கும். இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் படிப்பதற்கு இது தடையே இல்லை. எழுதும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

முன்துண்டின் பன்மை ‘ஈ-என்’ மட்டுமே என்றால் நடுவிலும் ‘ஈ-என்’ வரும். புத்தக அலமாரி பூக்கென்கஸ்ட், அப்பம் பன்னென்கூக். பழைய புத்தகங்களில் பன்னென்கூக் என்பதை நடு என் இல்லாமல் பார்ப்பீர்கள், அது 1995-க்கு முந்தையது. உதவித்தொகை விவகாரத்தால் 2021 ஜனவரியில் ஒரு அமைச்சரவையே பதவி விலகியது, அந்த விவகாரத்தின் பெயர் டூஸ்லாஹென்அஃபேரெ. டூஸ்லஹ் என்பதன் பன்மை அப்படியே நடுவில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

முன்துண்டுக்கு இரண்டு பன்மையும் இருந்தால் வெறும் ‘ஈ’. காய்கறி சூப், ஹ்ரூன்ட்டெஸூப், அப்படித்தான். உலகில் ஒன்றே ஒன்று என்று கருதும் சூரியன் போன்றவற்றுக்கும் ‘ஈ’ மட்டும்: கூரையில் போடும் சூரியத் தகடு ஸொன்னெபனேல், பன்மை ‘ஸொன்-னெ-ப-னே-லென்’.

எஸ் வருமா என்பதைக் காது சொல்லும். ஆனால் அடுத்த துண்டே எஸ் எழுத்தில் தொடங்கினால் காதுக்குத் தெரியாது. அப்போது அதே முன்துண்டை வேறு சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஊர்ச் சதுக்கத்தை டோர்ப்ஸ்ப்ளெய்ன் என்று எஸ் போட்டுச் சொல்வதால், ஊர்த்தெருவான டோர்ப்ஸ்ஸ்ட்ராட்டிலும் இரண்டு எஸ் எழுத வேண்டும். வசிப்பு அனுமதிச் சொல்லிலும் நடுவில் இந்த எஸ் இருக்கிறது. பென்சில் கோடு போடும்போது நடு எழுத்து எப்போதும் இடப்பக்கத் துண்டோடு போகும், இது அடுத்த படிக்குத் தேவைப்படும்.

6. வரி முடிவில் எங்கே உடைப்பது

வேலைக்கு விண்ணப்பக் கடிதம், வீட்டுக்காரருக்குக் கடிதம், ஆட்சேபனைக் கடிதம் என்று நீங்களே எழுதும்போது இது வரும். கையால் எழுதினால் ஒரே ஒரு அறிவுரை: உடைக்காதீர்கள். சொல் வரியில் அடங்கவில்லை என்றால் அடுத்த வரியில் முழுதாக எழுதுங்கள். உடைத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கணினியில் தட்டும்போது அது தானாக உடைக்கும். இங்கே பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது மொழி அமைப்பில். ஆவணத்தின் மொழி ஆங்கிலம் என்று இருந்தால் மென்பொருள் ஆங்கில விதிப்படி வெட்டிவிடும், எழுத்துப் பிழையையும் பிடிக்காது. எழுத ஆரம்பிக்கும் முன்பே முழு உரையையும் தேர்வு செய்து மொழியை ‘நேடர்லன்ட்ஸ்’ என்று மாற்றிவிடுங்கள். அப்படியும் கீழே சொல்வதை வைத்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் புதிதாகச் சேர்ந்த சொற்களில் மென்பொருளும் தடுமாறும்.

முதல் உரிமை சொல் சேரும் இடத்துக்கு. குடும்ப மருத்துவர் ‘ஹௌஸ்-ஆர்ட்ஸ்’. சாதாரண விதிப்படி இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ஒற்றை மெய் அடுத்த அசைக்குப் போக வேண்டும், அப்படிப் பார்த்தால் எஸ் பின்னால் போயிருக்கும். ஆனால் சேரும் இடம் இருக்கும்போது அந்த விதி அங்கே செல்லாது. சம்பளச் சீட்டை ‘லோன்-ஸ்ட்ரோக்’ என்றுதான் உடைக்கலாம், ‘லோன்ஸ்-ட்ரோக்’ தப்பு.

துண்டுக்குள்ளே வந்த பிறகு சாதாரண விதி. ஒற்றை மெய் அடுத்த அசைக்கு, இரண்டு மெய் என்றால் ஆளுக்கொன்று. ‘இங்’ என்பதன் என்-னும் ஜி-யும் காதுக்கு ஒரே ஒலி, ஆனால் பன்மையில் நடுவில் பிரியும்: காப்பீடுகள் என்ற சொல்லில் என் முன் வரியில் நிற்கும், ஜி அடுத்த வரிக்குப் போகும். சி-யும் எச்-சும் சேர்ந்த ஜோடியை மட்டும் பிரிக்கக் கூடாது.

ஒற்றை எழுத்தை வரி ஓரத்தில் தனியாக விடக் கூடாது. மாலைப்பொழுது என்ற ‘ஆவொன்ட்’ பேச்சில் இரண்டு அசை, எழுத்தில் உடைக்கவே முடியாது, ஏனென்றால் முதல் அசை ஒரே எழுத்து. கோடை மாலை ‘ஸோ-மர்-ஆவொன்ட்’ என்று மட்டும் உடையும்.

எழுத்தின் மேல் இருக்கும் இரட்டைப்புள்ளி, அதை ட்ரேமா என்பார்கள், எதற்கு என்றால் இங்கே புது அசை தொடங்குகிறது என்று காட்டத்தான். சரியாக அந்த இடத்திலேயே வரியை உடைத்தால் இணைப்புக்கோடு அந்த வேலையைச் செய்துவிடுவதால் புள்ளி போய்விடும். உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரைக் குறிக்கும் ‘பெஏடிஹ்ட்’ என்ற சொல்லில் இரண்டாம் ஈ மேல் புள்ளி உண்டு. ‘பெ-’ என்று வரி முடிந்தால் அடுத்த வரியில் அது வெறும் ஈ.

7. சேர்த்து எழுதுவதா, பிரிப்பதா, கோடு போடுவதா

ஆங்கிலம் தெரிந்தவர்கள் செய்யும் பெரிய தவறு சொற்களைப் பிரித்து எழுதுவது. டச்சில் பிரித்தால் பொருளே மாறலாம். ‘ரோடெ’ (சிவப்பு), ‘வெய்ன்’ (ஒயின்), ‘ஹ்லஸ்’ (கிளாஸ்) மூன்றையும் ஒட்டி எழுதினால் சிவப்பு ஒயினுக்கான கிளாஸ். ‘ரோடெ’யைப் பிரித்து எழுதினால் சிவப்பு நிறத்தில் ஒரு ஒயின் கிளாஸ். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே பொருளைக் குறித்தால் ஒட்டுங்கள். சாதாரணப் பெயரடை முன்னால் நின்றால் பிரிந்தே இருக்கும். மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையான ‘எய்ஹென் ரீஸிகோ’ அப்படி இரண்டு சொல். 2016-இலிருந்து அது ஆண்டுக்கு 385 யூரோ, காப்பீட்டுக் கடிதத்தில் முதலில் தேட வேண்டிய எண் இதுதான்.

சேரும் இடத்தில் இரண்டு உயிரெழுத்து மோதி வேறு ஒலியாகப் படிக்க வாய்ப்பிருந்தால் இணைப்புக்கோடு. கார் விபத்து ‘அவுட்டோ-ஒன்ஹெலுக்’ என்பதில் ஓ-வும் ஓ-வும் மோதுகின்றன, அதனால் கோடு உண்டு. கார் காப்பீடு ‘அவுட்டோஃபெர்ஸேகரிங்’ என்பதில் மோதல் இல்லை, கோடும் இல்லை. சுருக்கெழுத்து முன்னால் வந்தாலும் கோடு: வரி எண்ணான பிடிடபிள்யூ-நம்மர் மாதிரி.

பார்க்கிங் பலகையிலும் கடைக் கதவிலும் ‘ஸொன்- என் ஃபேஸ்ட்டாஹென்’ என்று இருக்கும். முதல் சொல்லின் பின்னால் தொங்கும் கோட்டுக்கு அர்த்தம், கடைசித் துண்டு பின்னால் வருகிறது, அதை இங்கேயும் சேர்த்துப் படி என்பது. ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறை நாட்களும். இதைச் சூரியனும் விடுமுறையும் என்று படித்தால் கட்டண நேரம் புரியாமல் அபராதம் கட்ட நேரும்.

8. உங்கள் கோப்பில் இருக்கும் தாள்களை வைத்தே பழகுங்கள்

தனியாகப் பயிற்சிப் புத்தகம் தேடாதீர்கள். கெடு உள்ள கடிதங்களில் தொடங்குங்கள், ஏனென்றால் அவற்றில் சொல் புரியாமல் போனால் நஷ்டம் நிஜமானது. 4 மாதத்துக்கு மேல் தங்க வருபவர் வந்த 5 நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீட்டை 4 மாதத்துக்குள் எடுக்க வேண்டும். அரசு முடிவு ஒன்றை எதிர்த்து ‘பெஸ்வார்ஸ்ஹ்ரிஃப்ட்’ என்ற ஆட்சேபனைக் கடிதம் எழுத வழக்கமாக 6 வாரம், அது முடிவுக் கடிதத்தில் போட்ட தேதியை ஒட்டி ஓடத் தொடங்கும், தபால் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. வருமான வரிக் கணக்கை வழக்கமாக மே 1-க்கு முன் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கடிதங்களில் ‘டெர்மெய்ன்’ என்று முடியும் சொல் எங்கே வந்தாலும் அடிக்கோடிடுங்கள், அது கெடுவைச் சொல்லும். ‘வெர்க்டாஹென்’ என்றால் சனி ஞாயிறைக் கழித்து எண்ணுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவரும் ஹெபோர்ட்டெஅக்டெயும் திருமணச் சான்றிதழும் டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய நான்கில் ஒன்றில் இருந்தால் மொழிபெயர்ப்பு கேட்க மாட்டார்கள். தமிழில் மட்டும் இருந்தால் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் காசு கொடுத்துப் பெயர்க்க வேண்டி வரும். ஆகவே ஊரிலேயே ஆங்கிலப் படி வாங்கிக்கொண்டு வருவது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

ஒவ்வொரு கடிதத்திலும் நீளமான சொல் ஐந்தை எடுங்கள். கோடு போடுங்கள், கடைசித் துண்டின் ஆர்டிக்கிளையும் பன்மையையும் ஓரத்தில் எழுதுங்கள், அசை பிரியுங்கள், பிறகு சொற்பட்டியலில் சரிபாருங்கள். முழுச் சொல் அங்கே இல்லாவிட்டால் கவலை வேண்டாம், கடைசித் துண்டை மட்டும் தேடுங்கள். அன்றாடம் புதிதாக ஒட்டிக்கொண்டே இருக்கும் சொற்களை எந்தப் பட்டியலும் முழுதாகக் கொள்ளாது.

சந்தேகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளூர் நூலகத்துக்குப் போங்கள். பல நூலகங்களில் ‘டால்ஹௌஸ்’ என்ற உதவி மேசை இருக்கிறது, தன்னார்வலர்கள் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள், கேட்பதற்குக் கட்டணம் இல்லை. எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும், வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்துவிட்டுப் போங்கள். போகும்போது கடிதத்தில் பிஎஸ்என் இருக்கும் வரியை மடித்து மறைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் தேவையில்லாமல் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.